ஹல் நகரத்துப் பிள்ளைகளும் ராணுவ லாரியும்

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் உள்ள ஹல் என்ற துறைமுக நகரத்தில், 1941-42 பள்ளியாண்டில், பத்து வயதை ஒட்டியும் அதற்கு மேலும் இருந்த பிள்ளைகளிடம் ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். விமானத் தாக்குதலின்போது எனக்கு என்ன நேர்ந்தது, நான் என்ன செய்தேன் என்பதே தலைப்பு. எழுத்துப் பிழைகளோடும் மைக்கறைகளோடும் எழுதப்பட்ட அந்தத் தாள்கள் வகுப்பாசிரியரின் மேசையோடு நின்றுவிடவில்லை. குண்டுவீச்சு ஒரு நகரத்து மக்களின் மனத்தை என்ன செய்கிறது என்று அறிய அரசு நடத்திய ஆய்வுக்காக அவை திரட்டப்பட்டன. விஞ்ஞானிகள் சாலி சக்கர்மனும் ஜே. டி. பெர்னலும் நடத்திய அந்த ஆய்வு ஹல், பர்மிங்காம் ஆகிய இரு நகரங்களை எடுத்துக்கொண்டது. கட்டுரை எழுதிய பையன்களில் பெரும்பாலோர் ஆறேழு ஆண்டுகள் கழித்துத் தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பணிக்கு அழைக்கப்பட்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் ராணுவ லாரி ஓட்டுநர்களாகி ஜெர்மனிக்குப் போனார்கள்.

போர்க்காலப் பிள்ளைப்பருவத்தையும் அதற்குப் பின் வந்த கட்டாய ராணுவ சேவையையும் இரண்டு தனிக் கதைகளாகச் சொல்வதே வழக்கம். முதலாவது பதுங்குகுழியும் ரேஷனும் அபாயச் சங்கும். இரண்டாவது பளபளக்கும் பூட்ஸும் அணிவகுப்பும் சார்ஜெண்ட்டின் கூச்சலும். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் அந்தத் தலைமுறை விளங்கும் என்பது என் எண்ணம். பதினெட்டு வயதில் வந்த அழைப்பாணையை அவர்கள் ஏன் அவ்வளவு அமைதியாக ஏற்றுக்கொண்டார்கள் என்ற கேள்விக்கும், ஜெர்மன் நகரங்களின் இடிபாடுகளுக்கு நடுவே வண்டி ஓட்டியபோது அவர்கள் கண்டது என்ன என்ற கேள்விக்கும் விடை 1939-லிருந்தே தொடங்குகிறது.

போர் தொடங்கியபோது எட்டு வயதான ஒரு பையனை, அதாவது 1931-ல் பிறந்தவனை, எண்ணிக்கொள்வோம். 1939 செப்டம்பர் 1-ஆம் தேதி இருட்டடிப்பு நடைமுறைக்கு வந்தது. நகரங்களிலிருந்து பிள்ளைகளை வெளியேற்றும் பணியும் அன்றே தொடங்கியது. சில நாட்களுக்குள் ஏறத்தாழ 15 லட்சம் பேர், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளும் கைக்குழந்தைகளோடு தாய்மார்களும், சட்டையில் பெயர்ச்சீட்டைக் குத்திக்கொண்டு ரயிலேறினார்கள். எதிர்பார்த்த குண்டுகள் உடனே விழவில்லை. அடுத்த ஜனவரிக்குள் ஏறக்குறையப் பாதிப்பேர் வீடு திரும்பிவிட்டார்கள். அதனால்தான் உண்மையான தாக்குதல் வந்தபோது பிள்ளைகளில் பலர் நகரத்திலேயே இருந்தார்கள். 1939 செப்டம்பர் 29-ஆம் தேதி தேசியப் பதிவு நடந்தது. கைக்குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாள அட்டை கொடுக்கப்பட்டது. நச்சுவாயு முகமூடி அட்டைப்பெட்டியில் வந்தது. அதைக் கயிற்றில் கட்டித் தோளில் மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போக வேண்டும். 1940 ஜனவரி 8-லிருந்து வெண்ணெய், சர்க்கரை, உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றிக்கறி மூன்றுக்கும் ரேஷன் வந்தது. எட்டு வயதுப் பையன் பெயர்ச்சீட்டு, எண், முகமூடி, ரேஷன் புத்தகம் என்று நான்கு வழிகளில் அரசின் கணக்கில் ஏறிவிட்டான். 1948-ல் தேசிய மருத்துவ சேவை தொடங்கியபோது அந்தப் போர்க்காலப் பதிவு எண்தான் அவனது மருத்துவ எண்ணாகவும் ஆயிற்று.

ஹல் நகரம் அடிபட்டதற்கு அதன் இருப்பிடமே காரணம். ஹம்பர் ஆற்றின் அகன்ற கழிமுகம் நிலா வெளிச்சத்தில் மேலிருந்து தெளிவாகத் தெரியும். கீழே எவ்வளவு விளக்கை அணைத்தாலும் நீர்ப்பரப்பை மறைக்க முடியாது. வேறு நகரங்களைத் தாக்க வந்து இலக்கைக் காணாத விமானங்களும் திரும்பும் வழியில் மீதிக் குண்டுகளை இங்கேயே போட்டன. 1941 மே மாதம் 7-ஆம் தேதி இரவும் 8-ஆம் தேதி இரவும்தான் மிகக் கொடியவை. அந்த இரண்டு இரவுகளில் மட்டும் ஏறத்தாழ 400 பேர் இறந்தார்கள். போர் முடிவதற்குள் நகரத்தில் இறந்தவர்கள் ஏறத்தாழ 1,200 பேர். வீடுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து ஏதோ ஒரு வகையில் சேதமுற்றிருந்தன. ஆனால் தணிக்கை காரணமாக வானொலியும் பத்திரிகைகளும் ஹல் என்ற பெயரைச் சொல்லவில்லை. "வடகிழக்குக் கரையில் ஒரு நகரம்" என்று மட்டும் சொல்லின. லண்டனும் கவெண்ட்ரியும் பெயரோடு நினைவில் நிற்க, ஹல்லின் பிள்ளைகள் தங்கள் தெரு எரிந்ததைப் பெயரற்ற செய்தியாகவே கேட்டார்கள். அந்த நகரத்தாரின் மனக்குறை இன்றும் ஆறவில்லை. அது நியாயமானது என்றே நானும் கருதுகிறேன்.

பதுங்குவதற்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று தெருவில் செங்கல்லால் கட்டிய பொதுக் காப்பிடம். மற்றொன்று, அமைச்சர் ஜான் ஆண்டர்சனின் பெயரால் வழங்கிய, நெளிந்த இரும்புத் தகடுகளாலான சிறு கூடம். ஆண்டுக்கு 250 பவுனுக்குக் குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்கு இது இலவசமாகக் கிடைத்தது. வீட்டுக் கொல்லையில் நான்கடி ஆழம் தோண்டி, தகடுகளை வளைத்துப் பூட்டி, மேலே மண்ணைக் குவிக்க வேண்டும். ஆறு பேருக்கு என்று கணக்கிட்ட அந்த இடத்தின் நீளம் ஆறரை அடி, அகலம் நாலரை அடி. ஹல் தாழ்வான, ஈரமான நிலம். தோண்டிய குழியில் நீர் ஊறிக்கொண்டே இருக்கும். சங்கு ஊதியதும் பிள்ளைகளை எழுப்பிக் கூட்டிப்போகும் தாய் முதலில் வாளியால் நீரை இறைப்பாள். பிறகு பலகையைப் போட்டு அதன்மேல் பிள்ளைகளை உட்கார வைப்பாள். மெழுகுவர்த்தியின் புகையும் ஈர மண்ணின் மணமும் இரும்பில் படிந்து சொட்டும் மூச்சின் ஈரமுமே அந்தப் பிள்ளைகளின் இரவு. விமானத்தின் இரைச்சல் எதிரியுடையதா நம்முடையதா என்று ஒலியை வைத்தே சொல்லப் பையன்கள் பழகிவிட்டார்கள். விடிந்ததும் தெருவில் சிதறிக் கிடக்கும் குண்டுச் சில்லுகளைப் பொறுக்கிச் சேர்ப்பார்கள். வெளிநாட்டுத் தபால்தலையைப் போல அவற்றைப் பள்ளியில் மாற்றிக்கொள்வார்கள். சிலர் இரவு நகரத்தில் தங்கவே மறுத்து, மாலையில் நடந்தோ லாரியில் தொற்றிக்கொண்டோ சுற்றுப்புறக் கிராமங்களுக்கும் வயல்களுக்கும் போய்ப் படுத்து, காலையில் வேலைக்கும் பள்ளிக்கும் திரும்பினார்கள்.

இந்தப் பிள்ளைகளின் அனுபவம் பிறகு வேறு ஒரு கணக்குக்குப் பயன்பட்டது. பிரதமர் சர்ச்சிலின் அறிவியல் ஆலோசகரான செர்வெல் பிரபு 1942 மார்ச் 30-ஆம் தேதி ஒரு குறிப்பு அனுப்பினார். ஒருவருடைய வீட்டை இடிப்பதே அவருடைய மனவலிமையை மிகுதியாகக் குலைக்கிறது, உறவினர் சாவதைவிடவும் அதை மக்கள் பெரிதாக எண்ணுகிறார்கள் என்று சொல்லி, பத்தில் ஒரு பங்கு வீடுகளே இடிந்த ஹல்லில்கூட மனச்சோர்வின் அறிகுறிகள் தெரிந்தன என்று அவர் எடுத்துக்காட்டினார். ஜெர்மனியின் 58 பெருநகரங்களைக் குறிவைத்தால் அந்நாட்டு மக்களில் மூன்றிலொரு பங்கினரை வீடற்றவர்களாக்கலாம் என்பது அவர் போட்ட கணக்கு. நகரங்களைப் பரவலாகத் தாக்கும் உத்தரவு அதற்கு முன்பே, பிப்ரவரி 14-ஆம் தேதியே, விமானப்படைக்குப் போய்விட்டது; ஆகவே கொள்கை இந்தக் குறிப்பால் பிறந்தது என்று சொல்ல முடியாது. அதற்கு வலுச் சேர்த்தது என்று சொல்லலாம். சில நாட்களில் வந்த ஆய்வறிக்கையோ, இரு நகரங்களிலும் பீதி பரவியதற்குச் சான்று இல்லை என்றே கூறியது. தங்கள் முடிவுக்கு நேர் எதிரான பொருள் கொள்ளப்பட்டதாகச் சக்கர்மன் பின்னாளில் எழுதினார். பீதி இல்லை என்று கண்டறிந்த ஆய்வுக்காகப் பிள்ளைகள் தங்கள் தாள்களை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவர்களுடைய நகரத்தின் பெயரோ பிற நகரங்களை எரிக்கும் வாதத்தில் இடம்பெற்றது. வெளியுலகத்துக்குச் சொல்லக் கூடாத அந்தப் பெயரை அந்த ரகசியக் குறிப்பு மட்டும் வெளிப்படையாகச் சொன்னது. 1943 ஜூலை இறுதியில் ஹாம்பர்க் நகரம் எரிந்தபோது 35,000-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஹல் போர் முழுவதிலும் இழந்ததைப் போல முப்பது மடங்குக்கு அருகில் வரும் எண் அது.

போர் முடிந்தும் அழைப்பாணை நிற்கவில்லை. இந்தியாவை விட்டு வெளியேறிய பிரிட்டனுக்கு, அதுவரை தன் ஆணைக்குக் கட்டுப்பட்டிருந்த பெரும் இந்தியப் படை இல்லாமல் போயிற்று. ஜெர்மனியைக் காக்க வேண்டும், சூயஸ் கால்வாய்ப் பகுதியில் படை வைக்க வேண்டும், மலாயாவில் 1948-ல் தொடங்கிய கிளர்ச்சியை அடக்க வேண்டும் என்ற கடமைகளோ கூடிக்கொண்டே போயின. 1947-ல் இயற்றி 1949 ஜனவரி 1-லிருந்து நடைமுறைப்படுத்திய தேசிய சேவைச் சட்டம், உடல்நலமுள்ள பதினெட்டு வயது ஆண் ஒவ்வொருவனையும் 18 மாதம் சேவை செய்ய வேண்டும் என்றது. சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு 1967-லிருந்து பழக்கமான அதே சொல்தான் இது. வட அயர்லாந்து இளைஞர்கள், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் போன்றோருக்கு விலக்கு இருந்தது. தொழிற்பயிற்சியில் இருப்பவர்களும் மாணவர்களும் தள்ளிப்போடலாம். போரில் சேர மனச்சான்று இடங்கொடாதவர்கள் நடுவர் குழுவின் முன் வாதாடலாம். அப்படி வாதாடியவர்கள் மிகச் சிலரே. இதைப் பணிவு என்றோ நாட்டுப்பற்று என்றோ மட்டும் விளக்குவது எனக்குப் போதுமானதாகப் படவில்லை. எட்டு வயதிலிருந்து எங்கே தூங்குவது, எவ்வளவு தின்பது, தெருவில் எதைச் சுமந்து நடப்பது என்பதையெல்லாம் அரசு சொல்லி வளர்ந்த பையனுக்குப் பழுப்பு உறையில் வந்த கடிதமும் அந்த வரிசையில் இன்னொன்றாகவே இருந்தது. அவனுடைய தந்தையும் மாமன்மாரும் சீருடையில் இருந்தவர்கள். தெருவில் யாரும் படைக்குப் போகாத வீடே இல்லை. போக மறுப்பது என்ற எண்ணம் வேர்விட அங்கே மண் இல்லை.

கடிதத்தோடு ரயில் பயணச் சீட்டும் 4 ஷில்லிங்குக்கான அஞ்சல் ஆணையும் இருக்கும். அந்த 4 ஷில்லிங் ஒரு நாள் சம்பளம். பெரும்பாலும் வியாழக்கிழமை முகாமுக்குப் போய்ச் சேர வேண்டும். முதல் சில வாரங்கள் எல்லாருக்கும் ஒன்றுதான்: தலைமுடியை ஒட்ட வெட்டுதல், எட்டு இலக்க எண்ணை மனப்பாடம் செய்தல், அணிவகுப்பு, துப்பாக்கிப் பயிற்சி. ராணுவ பூட்ஸின் தோல் சொரசொரப்பாக இருக்கும். அதை மெழுகுவர்த்திச் சுடரில் காய்ச்சிய கரண்டிக் காம்பால் தேய்த்துச் சமமாக்கி, பாலிஷும் எச்சிலும் துணியும் கொண்டு இரவெல்லாம் வட்டமாகத் தேய்த்தால்தான் கண்ணாடிபோல் மின்னும். அந்த எட்டு இலக்க எண்ணைச் சாகும்வரை மறக்காதவர்கள் ஏராளம்.

பிறகு பிரிவு ஒதுக்கப்படும். உணவு, எரிபொருள், குண்டு முதலிய அனைத்தையும் சுமந்து செல்லும் பொறுப்பு ராயல் ஆர்மி சர்வீஸ் கோர் என்ற பிரிவினுடையது. மற்றப் படைகளில் சாதாரணச் சிப்பாய் என்று அழைக்கப்படுபவன் இங்கே "டிரைவர்" என்றே அழைக்கப்பட்டான். அது வேலையின் பெயர் மட்டுமல்ல, பெயருக்கு முன்னால் எழுதும் பதவியும் அதுவே. ஆல்டர்ஷாட், பிளாண்ட்ஃபோர்டு, யோவில் ஆகிய ஊர்களில் பயிற்சி முகாம்கள் இருந்தன.

இன்றைய வாசகருக்கு விளங்கக் கடினமான ஒன்று, அந்தப் பையன்களுக்கு வண்டி எவ்வளவு எட்டாத பொருளாக இருந்தது என்பது. 1951-ல் பிரிட்டனில் ஏழு குடும்பங்களுக்கு ஒன்றில்தான் கார் இருந்தது. ஹல்லின் துறைமுகத் தெருக்களில் அதுவும் இல்லை. போரின்போது ஓட்டுநர் தேர்வே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. தனியார் கார்களுக்கான பெட்ரோல் ரேஷன் 1950 மே 26-ஆம் தேதிதான் நீங்கியது. சைக்கிளைத் தவிர வேறெதையும் ஓட்டியறியாத பதினெட்டு வயதுப் பையனை மூன்று டன் பெட்ஃபோர்டு லாரியின் இருக்கையில் ஏற்றி உட்கார வைத்தார்கள். போர்க்காலத்து லாரிகளில் கியர் தானாக இசைந்து விழாது. கிளட்சை மிதித்து, கியரை நடுவில் நிறுத்தி, கிளட்சை விட்டு, எஞ்சினின் வேகத்தைச் சரிக்கட்டி, மறுபடி கிளட்சை மிதித்து, அடுத்த கியருக்குத் தள்ள வேண்டும். நம்மூர் லாரி ஓட்டுநர்கள் டபுள் கிளட்ச் என்பார்களே, அதேதான். மேலே போகும்போது வேகம் தணியச் சற்றுப் பொறுக்க வேண்டும். கீழே இறக்கும்போது ஆக்ஸிலேட்டரைத் தட்டி வேகத்தை ஏற்ற வேண்டும். தவறினால் பற்சக்கரங்கள் பல்லை நறநறவென்று கடிக்கும் ஓசை முகாம் முழுக்கக் கேட்கும். கண்ணால் பார்த்துச் செய்யும் வேலையல்ல அது, காதால் கேட்டுச் செய்யும் வேலை. இருட்டில் எஞ்சின் ஒலியை வைத்தே விமானத்தை இனங்கண்ட பிள்ளைகள் அதை விரைவில் பிடித்துக்கொண்டார்கள் என்றால் எனக்கு வியப்பில்லை.

ஓட்டுவதோடு வேலை முடியாது. காலையில் வண்டியை எடுக்குமுன் ஒரு பார்வை, வழியில் நிற்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பார்வை, மாலையில் நிறுத்தியபின் ஒரு பார்வை என்று மூன்று வகைச் சோதனைகள் விதிக்கப்பட்டிருந்தன: எண்ணெய், நீர், டயர், சக்கர நட்டு, விளக்கு, ஒழுகல். இரவில் வரிசையாகச் செல்லும்போது முகப்பு விளக்கை ஏற்றாமல் போகும் பயிற்சியும் உண்டு. முன்னால் போகும் லாரியின் பின் அச்சின் நடுவிலுள்ள உருண்டைக்கு வெள்ளைச் சாயம் பூசி, அதன்மேல் மட்டும் படும்படி சிறு விளக்கு ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். பின்னால் வருபவன் அந்த வெள்ளைப் புள்ளியைத் தவறவிடாமல் தொடர வேண்டும். இருட்டடிப்புக் காலத்தில் ஹல்லின் நடைபாதை ஓரங்களுக்கும் மரங்களுக்கும் வெள்ளைச் சாயம் பூசியிருந்தார்கள். அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே அதே பையன் தாயின் கையைப் பிடித்து வீடு திரும்பியிருக்கிறான்.

ஜெர்மனிக்கு ஒதுக்கப்பட்டவர்கள் ஹாரிச் துறைமுகத்தில் கப்பலேறி, ஹாலந்தின் ஹூக் துறையில் இறங்கி, ராணுவ ரயிலில் உள்நாட்டுக்குப் போவார்கள். ரைன் படை என்று வழங்கிய பிரிட்டிஷ் படையின் தலைமையகம் அப்போது பாட் ஓய்ன்ஹவுசன் நகரத்தில் இருந்தது. இடப்பக்கம் ஓட்டக் கற்ற பையன், வலப்புற ஸ்டீயரிங் கொண்ட அதே லாரியைச் சாலையின் வலப்பக்கத்தில் ஓட்ட வேண்டும். முந்திச் செல்ல எட்டிப் பார்க்கவும் வழியில்லை, பக்கத்தில் இருப்பவனின் சொல்லை நம்பியே திருப்ப வேண்டும். போக்குவரத்துப் பிரிவுகளில் அவனோடு, ஊர் திரும்ப முடியாத போலந்து, யூகோஸ்லாவிய அகதிகளும் ஓட்டுநர்களாக வேலை செய்தார்கள்.

ஹாம்பர்க், ஹனோவர், டார்ட்மண்ட் ஆகிய நகரங்களின் நடுவே 1949-50-ல் வண்டி ஓட்டியவனுக்கு இருபுறமும் தெரிந்தவை புதியவையல்ல. கூரையில்லாச் சுவர்கள், இரண்டாம் மாடியில் தொங்கும் கணப்படுப்பு, செங்கற்களைச் சுத்தியால் தட்டிச் சுத்தம் செய்து அடுக்கும் பெண்கள், காலி மனைகளில் ஓடி விளையாடும் பிள்ளைகள் எல்லாம் அவன் ஊரில் கண்டவைதான். ஆனால் ஹல்லில் ஒரு தெருவுக்கு இரண்டு வீடு என்றிருந்த இடிபாடு, இங்கே தெருத்தெருவாக, பேட்டைபேட்டையாக நீண்டது. ஜெர்மானியர் குண்டு போட்டார்கள், அதற்குரியதைப் பெற்றார்கள் என்று கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். அப்படியே நம்பித் திரும்பியவர்களும் உண்டு. அளவைக் கண்ணால் கண்டபின் அந்தப் பேச்சைத் திரும்பச் சொல்ல வாய் வராமல் போனவர்களும் உண்டு. செர்வெலின் குறிப்பில் தங்கள் நகரத்தின் பெயர் இருந்தது அவர்களில் யாருக்கும் அப்போது தெரிந்திருக்க வழியில்லை. அந்த ஆவணங்கள் பல ஆண்டுகள் கழித்தே வெளிவந்தன. தாங்கள் எழுதிய கட்டுரை எதற்காக வாங்கப்பட்டது என்பதை அறியாமலே, அதே ஆராய்ச்சியின் பெயரைச் சொல்லி நியாயப்படுத்தப்பட்ட அழிவின் ஊடாக அவர்கள் ரொட்டியும் பெட்ரோலும் ஏற்றிச் சென்றார்கள். இந்தத் தலைமுறையைப் பற்றி நான் படித்தவற்றில் என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

எல்லாரும் ஜெர்மனிக்குப் போகவில்லை. மலாயாவுக்குப் போனவர்கள் ரப்பர்த் தோட்டச் சாலைகளில், தோட்டத் தொழிலாளர்களான தமிழர்களின் லயங்களைக் கடந்து, பதுங்கித் தாக்குதலை எதிர்பார்த்தபடி வண்டி ஓட்டினார்கள். 1951 அக்டோபர் 6-ஆம் தேதி ஃப்ரேசர்ஸ் ஹில் மலைச்சாலையில் பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஹென்றி கர்னியே காரில் சென்றபோது சுடப்பட்டு இறந்தார். காவல் வண்டிகளோடு சென்ற அவருக்கே அந்த நிலை என்றால் சரக்கு லாரி ஓட்டுநரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

1950 ஜூனில் கொரியப் போர் மூண்டது. அக்டோபரில் சேவைக்காலம் 18 மாதத்திலிருந்து இரண்டு ஆண்டாக உயர்த்தப்பட்டது. ஏற்கெனவே படையில் இருந்தவர்களுக்கும் அது பொருந்தியது. 1949 கோடையில் சேர்ந்து, விடுதலை நாளைச் சுவரில் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்தவர்களுக்குக் கடைசிக் கட்டத்தில் ஆறு மாதம் கூடிப்போயிற்று. அவர்கள் இருந்த மேற்கு ஜெர்மனியில் உணவு ரேஷன் 1950-லேயே நீங்கிவிட்டது. விடுப்பில் ஊருக்குப் போனால் அம்மா இன்னும் ரேஷன் புத்தகத்தோடு வரிசையில் நின்றாள். பிரிட்டனில் மிட்டாய்க்கான ரேஷன் 1953 பிப்ரவரியிலும், கடைசியாக இறைச்சிக்கானது 1954 ஜூலை 4-ஆம் தேதியிலும்தான் முடிந்தன. வென்ற நாட்டின் பையன் தோற்ற நாட்டின் கடையில் கிரீம் கேக் வாங்கித் தின்றுவிட்டு அம்மாவுக்கு எழுத மனமில்லாமல் இருந்தான் என்றால் நம்பலாம்.

1960 இறுதியில் அழைப்பது நிறுத்தப்பட்டு, 1963 மே மாதத்தில் கடைசி ஆள் வெளியேறும்வரை, போருக்குப் பின் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் இப்படிச் சேவை செய்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆண்டுகளை வீணானவை என்றே சொன்னார்கள். கரிக்குவியலுக்கு வெள்ளையடித்த கதைகளைச் சொல்லாதவர் குறைவு. ஓட்டுநர்கள் அந்தக் கணக்கில் சற்று விலகி நிற்கிறார்கள். வெளியேறும் நாளில் போர்வை, பெல்ட், உணவுத் தட்டு என்று ஒவ்வொன்றாகப் பட்டியலோடு சரிபார்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ராணுவ ஓட்டுநர் தேர்வில் தேறியதற்கான சான்று மட்டும் கையில் மிஞ்சும். அதைக் காட்டி, மறுபடி தேர்வு எழுதாமலே, பொது ஓட்டுநர் உரிமம் வாங்கிக்கொள்ளலாம். பெயர்ச்சீட்டிலிருந்து கட்டுரைத் தாள் வரை அரசோடு அவர்களுக்கிருந்த கொடுக்கல் வாங்கலில், அவர்கள் பிழைப்புக்கு உதவிய தாள் அது ஒன்றுதான்.

1951 கோடையில் ஹல்லின் பாரகன் நிலையத்தில் ரயிலைவிட்டு இறங்கியவன் நடந்து போகும் வழியில் காலி மனைகள் இன்னும் இருந்தன. பெவர்லி சாலையில் 1941 மார்ச் 18-ஆம் தேதி இரவு குண்டு விழுந்த திரையரங்கின் முகப்புச் சுவர் அப்படியே நின்றது. உள்ளே இருந்த 150 பேரும் அன்று உயிர் தப்பியிருந்தார்கள். அது இன்றும் நிற்கிறது. அந்த வழியாகத்தான் அவன் சான்றை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மீன் ஏற்றும் லாரிகளுக்கு ஆள் எடுக்கிறார்களா என்று கேட்கப் போனான்.